ஸ்பேராரேலருந்து எஸ்பேரி வரைக்கும்: ஒரு லத்தீன் வினைக்கு எஸ்பெராண்டோல இருக்கிற சொந்தத்தைக் கண்டுபிடிக்கிறது எப்படி

எஸ்பெராண்டோ, ஒருத்தர் தானே உட்கார்ந்து உருவாக்கின மொழி, அதைக் கத்துக்க ஆரம்பிக்கிற யாருக்கும் முதல்ல காதுல விழுற தகவல் இதுதான், அந்த மொழியோட பேரே ஒரு வினைச்சொல்லருந்து வந்தது, அந்த வினை எஸ்பேரி, நல்லது நடக்கும்னு நம்பிக்கையோட இருக்கிறதுன்னு அர்த்தம், அது லத்தீன் ஸ்பேராரேலருந்து வந்தது. அத்தோட விட்டுடுவாங்க. சொன்னது சரிதான், ஆனா நடுவுல ஆயிரம் வருஷத்துக்கும் மேல ஒரு பயணம் இருக்கு, அதைத் தாண்டிக் குதிச்சா முன்னாடி அந்த 'எ' எதுக்கு ஒட்டிக்கிட்டு வந்துச்சு, லத்தீன்ல இருந்த சில அர்த்தங்கள் எங்க போச்சு, இதுக்கெல்லாம் பதில் கிடைக்காது. அதனால இந்த ஒரு வினையை வெச்சே படிப்படியா எப்படித் தேடிப் போறதுன்னு சொல்றேன், இதே வழியில நீங்க வேற எந்த லத்தீன் வினையை வேணாலும் எடுத்துப் பார்க்கலாம்.

மொழியோட பேர் வந்த கதையை முதல்லயே சுருக்கமா சொல்லிடுறேன். லுட்விக் ஸாமென்ஹோஃப் 1859ல பியாலிஸ்டோக்ல பொறந்தவர், கண் டாக்டர், அந்த ஊர் அப்போ ரஷ்யப் பேரரசுல இருந்துச்சு, இப்போ போலந்துல இருக்கு. 1887ல வார்சால ரஷ்ய மொழியில ஒரு சின்ன புத்தகம் போட்டு தன்னோட மொழியை அறிமுகம் பண்ணார், மொழிக்கு அவர் வெச்ச பேர் வெறும் 'சர்வதேச மொழி', தனக்கு வெச்சுக்கிட்ட புனைபேர்தான் டாக்டர் எஸ்பெராண்டோ, அதாவது நம்பிக்கையோட இருக்கிறவர். கத்துக்கிட்டவங்க அந்தப் புனைபேரையே மொழிக்கும் வெச்சுட்டாங்க.

லத்தீன் பக்கம் எங்கருந்து தொடங்கறது

லத்தீன் அகராதியில ஸ்பேராரேன்னு தேடுனா பெரும்பாலும் நேரா கிடைக்காது, ஏன்னா அவங்க வினையைத் தன்மை ஒருமை நிகழ்காலத்துல வெச்சுதான் அடுக்குவாங்க, அதனால 'ஸ்பேரோ'ன்னு தேடணும், நான் நம்பிக்கையோட இருக்கேன்னு அர்த்தம். அங்க நாலு வடிவம் வரிசையா இருக்கும்: ஸ்பேரோ, ஸ்பேராரே, ஸ்பேராவி, ஸ்பேராடும். இந்த நாலையும் எழுதி வெச்சுக்கோங்க, ரெண்டாவது வடிவம் 'ஆரே'ன்னு முடியுதுன்னா அது முதல் வகை வினை, அந்த வகையில நிறைய வினைகள் ஒரு பெயர்ச்சொல்லருந்து செஞ்சதா இருக்கும். அதனால அடுத்து அந்தப் பெயர்ச்சொல் எதுன்னு தேடணும்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், உயிரெழுத்து குறிலா நெடிலா, எந்த நெடில்னு கவனிச்சே ஆகணும், நல்ல அகராதில நெடில் மேல ஒரு கோடு போட்டிருப்பாங்க. ஸ்பேரோ வேற, ஸ்பீரோ வேற, ஸ்பீரோன்னா நான் மூச்சு விடுறேன். மூச்சு இருக்கிற வரைக்கும் நம்பிக்கை இருக்கும்னு ரெண்டும் ஒரே வேர்லருந்து வந்ததா அழகா கோத்து எழுதுறவங்க இருக்காங்க, ஆனா ரெண்டுக்கும் வேர் அளவுல எந்த உறவும் இல்ல. குறில் நெடில் பழகின காது நமக்கு இருக்கு, தமிழ் எழுத்துல எழுதிப் பார்த்தா வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், நான் எப்பவும் லத்தீன் சொற்களைப் பக்கத்துல தமிழ்ல எழுதி வெச்சுக்கிறது இதுக்காகத்தான்.

பெயர்ச்சொல் ஸ்பேஸ், நம்பிக்கைன்னு அர்த்தம். இங்க எல்லாருக்கும் ஒரு சந்தேகம் வரும், ஸ்பேஸ்ல 'ஸ்' இருக்கு, ஸ்பேராரேல 'ர' இருக்கு, எப்படி மாறுச்சு? ரொம்பப் பழைய லத்தீன்ல ரெண்டு உயிருக்கு நடுவுல மாட்டுன 'ஸ' எல்லாம் 'ர' ஆயிடுச்சு. ஃப்ளோஸ்னா பூ, பூவோடன்னு சொல்லணும்னா ஃப்ளோரிஸ். கெனுஸ்னா இனம், அதோட வேற்றுமை வடிவம் கெனெரிஸ். அதே மாதிரி ஸ்பேஸ் கூட 'ஆரே' சேர்ந்ததும் நடுவுல மாட்டுன ஸ, ர ஆகி ஸ்பேராரே. இந்த மாற்றம் எப்போ நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்க ரோமானியப் பேச்சாளர் சிசரோவோட ஒரு கடிதம் உதவுது, பப்பீரியுஸ்ங்கிற குடும்பம் முன்னாடி பப்பீசியுஸ்னு இருந்துச்சு, கி.மு. 4ஆம் நூற்றாண்டுல இருந்த லூசியுஸ் பப்பீரியுஸ் க்ராசுஸ்தான் முதல்ல பேரை மாத்தி எழுதினார்னு அதுல சொல்றார். ஒரு குடும்பப் பேர்ல நடந்த எழுத்து மாற்றத்தை வெச்சு ஒரு ஒலி மாற்றத்துக்கே காலம் குறிக்க முடியுதுங்கிறது எனக்கு இன்னைக்கும் ஆச்சரியமா இருக்கு.

இன்னும் ஆழமா போகணும்னா இந்தோ-ஐரோப்பிய வேருக்குப் போகணும். அது எங்கயும் எழுதி வெச்ச மொழி இல்ல, சொந்தக்கார மொழிகளை ஒப்பிட்டு ஆராய்ச்சியாளர்கள் திரும்பக் கட்டினது, அதனால அந்த வடிவங்களுக்கு முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி போடுவாங்க, அந்தக் குறியைப் பார்த்தா 'இது ஊகிச்ச வடிவம்'னு புரிஞ்சுக்கணும். ஸ்பேஸோட வேருக்கு அவங்க சொல்ற அர்த்தம் செழிக்கிறது, வெற்றி அடையறது. சமஸ்கிருதத்துல ஸ்பாயதேன்னா பருக்குது, பெருகுது. ரஷ்ய மொழியில உஸ்பேஹ்னா வெற்றி. இங்கிலீஷ்ல ஸ்பீட்ங்கிற சொல்லும் இந்தக் குடும்பம்தான், இப்போ வேகம்னு அர்த்தம், ஆனா பழைய இங்கிலீஷ்ல அதுக்கு வெற்றி, செழிப்புன்னுதான் அர்த்தம். லத்தீன்லயே இருக்கிற ப்ரோஸ்பெருஸ், அதாவது செழிப்பான, நினைச்சபடி நடக்கிற, அதையும் இந்தக் குடும்பத்துலதான் சேர்க்கிறாங்க. ஆக நம்பிக்கைங்கிற அர்த்தம் ஆரம்பத்துலயே வந்தது இல்ல, 'நல்லா வளரும்'ங்கிறது முதல்ல, 'நல்லா வளரும்னு எதிர்பார்க்கிறது' அப்புறம்.

அர்த்தத்தை வாக்கியத்துல வெச்சுப் பாருங்க

அகராதியில 'நம்பிக்கை வை'ன்னு ஒரு வரி பார்த்துட்டு நிறுத்திடாதீங்க, அங்க கொடுத்திருக்கிற எடுத்துக்காட்டுகளைப் படிங்க. லூயிஸ், ஷார்ட் ரெண்டு பேரும் சேர்ந்து 1879ல கொண்டு வந்த பெரிய லத்தீன் அகராதி இணையத்துல இலவசமாவே கிடைக்குது, அதுல ஒவ்வொரு அர்த்தத்துக்கும் யார் எங்க அப்படி எழுதினாங்கன்னு இருக்கும். அப்படித் தேடுனா ஒரு முக்கியமான விஷயம் மாட்டும், ஸ்பேராரேக்கு நல்லதை எதிர்பார்க்கிறதுன்னு மட்டும் இல்ல, சில இடத்துல கெட்டதை எதிர்பார்க்கிறதுன்னும் அர்த்தம் வரும். ரோமானியக் கவிஞர் வெர்ஜிலோட ஈனியட் காவியத்துல 4ஆம் காண்டத்துல டைடோ ராணி, காதலன் ஈனியாஸ் தன்னை விட்டுட்டுக் கிளம்புறான்னு தெரிஞ்சப்புறம் பேசுறா, இவ்வளவு பெரிய வேதனையை என்னால 'ஸ்பேராரே' பண்ண முடிஞ்சிருந்தா தாங்கிக்கவும் முடியும்னு. அங்க 'நம்பிக்கை'ன்னு போட்டா வரியே உடைஞ்சுடும், எதிர்பார்க்கிறதுன்னுதான் எடுத்துக்கணும்.

ரோமானியர்கள் ஸ்பேஸை ஒரு பெண் தெய்வமாவும் வெச்சிருந்தாங்க, கார்த்தேஜோட முதல் பியூனிக் போர் நடந்த காலத்துல ரோம்ல காய்கறிச் சந்தைப் பக்கம் அவளுக்கு ஒரு கோயில் கட்டினாங்க, அந்த இடத்துக் கோயில்களோட தூண்கள் சான் நிக்கோலா இன் கார்ச்செரேங்கிற தேவாலயச் சுவர்ல இன்னும் தெரியுது. எதிர்ச்சொல்லையும் ஒரு பார்வை பார்த்துடுங்க, 'தே' சேர்த்தா தேஸ்பேராரே, நம்பிக்கை இழக்கிறது, இங்கிலீஷ்ல டெஸ்பரேட்னு சொல்றது அங்கருந்துதான்.

முன்னாடி வந்த அந்த 'எ'

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, தேடறவங்க சரியான வழியைப் பிடிக்கிறதும் இங்கதான். லத்தீன் ஸ்பேராரேல முன்னாடி எந்த உயிரும் கிடையாது. பிரெஞ்சுல எஸ்பெரே, ஸ்பானிஷ்ல எஸ்பெரார், போர்ச்சுகீஸ்லயும் அதே எழுத்துதான். இத்தாலியன்ல மட்டும் ஸ்பெராரேன்னு லத்தீன் மாதிரியே நின்னுடுச்சு. பேரரசுக் காலத்துல சாதாரண ஜனங்க பேசின லத்தீன்ல 'ஸ்'ஸுக்குப் பின்னாடி இன்னொரு மெய் வந்தா முன்னாடி ஒரு சின்ன உயிர் சேர்த்துப் பேச ஆரம்பிச்சாங்க, கல்வெட்டுகள்ல 'இ'ன்னு எழுதியிருக்கிறதே கிடைச்சிருக்கு. நாம ஸ்கூலை இஸ்கூல்னு சொல்றோமே, அச்சு அசலா அதே வேலைதான், லத்தீன் ஸ்கோலா ஸ்பானிஷ்ல எஸ்குவேலா ஆனதும் அப்படித்தான். ஸ்டெல்லா, அதாவது நட்சத்திரம், ஸ்பானிஷ்ல எஸ்ட்ரெயா. ஸ்க்ரீபெரே, எழுதறது, ஸ்பானிஷ்ல எஸ்க்ரிபீர்.

இப்போ எஸ்பெராண்டோவுக்கு வாங்க. எஸ்பேரில 'எ' இருக்கு. அப்படின்னா ஸாமென்ஹோஃப் இதை லத்தீன் அகராதியிலருந்து நேரா எடுக்கல, 'எ' சேர்ந்ததுக்கு அப்புறம் இருக்கிற ஏதோ ஒரு மொழி நடுவுல நிக்குது. இது மொழி முழுக்க அவர் வெச்ச விதியோன்னு சந்தேகம் வந்தா மத்த சொற்களைப் பாருங்க: மூச்சு விடுறது ஸ்பீரி, எழுதறது ஸ்க்ரீபி, நட்சத்திரம் ஸ்டேலோ, எதுலயும் 'எ' இல்ல. எழுதறதுக்கு பிரெஞ்சுல எக்ரீர், நட்சத்திரத்துக்கு எத்துவால், ரெண்டுலயும் நடுவுல இருந்த 'ஸ்'ஸே காணாமப் போச்சு, அதனால அங்க லத்தீன் பக்கம் உள்ள உருவம் உதவியா இருந்திருக்கு. எஸ்பெரேல 'எஸ்' உயிரோட இருந்ததால அது அப்படியே வந்துச்சு. ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி முடிவு, ஒரே வாய்ப்பாட்டைப் போட்டு எல்லாத்தையும் விளக்க முடியாது.

நடுவுல இருந்தது பிரெஞ்சா ஸ்பானிஷான்னு பார்க்க ரெண்டு வழி இருக்கு. முதல் வழி, ஸாமென்ஹோஃப் 1905ல வெளியிட்ட ஃபுண்டமெண்டோங்கிற அடிப்படை நூல்ல ஒரு சொல் பட்டியல் இருக்கு, ஒவ்வொரு வேருக்கும் பிரெஞ்சு, இங்கிலீஷ், ஜெர்மன், ரஷ்யன், போலிஷ்னு அஞ்சு மொழியில அர்த்தம் போட்டிருப்பார். அது வேர் ஆராய்ச்சி இல்ல, வெறும் அர்த்தம்தான், ஆனா எந்தெந்த மொழிகளை அவர் மனசுல வெச்சிருந்தார்னு அதுலருந்து புரியும். நம்ம வினைக்கு இங்கிலீஷ்ல ஹோப், ஜெர்மன்ல ஹோஃபென், ரஷ்யன்ல நதேயத்சா, இதுல எதுவும் கிட்டயே வரல. போலிஷ்ல ஸ்போஜேவாச்னு ஒரு சொல் இருக்கு, 'ஸ்ப'ன்னு ஆரம்பிக்கிறதால இதுதான்னு தோணும், ஆனா அது 'வை'ன்னு அர்த்தம் வர்ற ஒரு ஸ்லாவிய வினைக்கு முன்னாடி 'ஸ்', 'போ'ன்னு ரெண்டு முன்னொட்டு சேர்ந்தது, ஸ்பேஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அஞ்சுல உருவம் பொருந்துறது பிரெஞ்சு மட்டும்தான்.

ரெண்டாவது வழி அர்த்தம், இது இன்னும் உறுதியானது. ஸ்பானிஷ் எஸ்பெரார்னா நம்பிக்கையோட இருக்கிறதுன்னும் அர்த்தம், சும்மா காத்திருக்கிறதுன்னும் அர்த்தம், எஸ்பேரோன்னு ஒருத்தர் சொன்னா எதைச் சொல்றார்னு மீதி வாக்கியத்தைக் கேட்டாத்தான் தெரியும். பிரெஞ்சுல அப்படி இல்ல, எஸ்பெரே நம்பிக்கைக்கு, காத்திருக்கிறதுக்கு அத்தாந்த்ர். எஸ்பெராண்டோல பாருங்க, எஸ்பேரி நம்பிக்கைக்கு, காத்திருக்கிறதுக்கு அடேண்டி. அப்படியே பிரெஞ்சுக்காரங்க பிரிச்ச மாதிரி பிரிச்சிருக்கு. அந்த அடேண்டியே ஒரு நல்ல சாட்சி, லத்தீன்ல அத்தெண்டெரேன்னா ஒரு பக்கமா நீட்டுறது, மனசை அந்தப் பக்கம் நீட்டுறது, அதாவது கவனிக்கிறது, ஸ்பானிஷ்ல அதோட வாரிசு இன்னும் கவனிக்கிறதுங்கிற அர்த்தத்துலயே இருக்கு, காத்திருக்கிறதுன்னு மாறினது பிரெஞ்சுலதான். எழுத்து ஒரு பக்கம், அர்த்தம் இன்னொரு பக்கம், ரெண்டும் ஒரே திசையைக் காட்டினாத்தான் வழி கிடைச்சுதுன்னு நான் ஒத்துக்குவேன், ஒண்ணு மட்டும் போதாது.

எஸ்பெராண்டோக்குள்ள வந்தப்புறம்

வேர் 'எஸ்பெர்', அதோட கடைசில ஒட்டுற விகுதியை மாத்தினா காலம் மாறும், விதிவிலக்கே கிடையாது. எஸ்பேரஸ் நிகழ்காலம், எஸ்பேரிஸ் இறந்தகாலம், எஸ்பேரோஸ் எதிர்காலம், எஸ்பேருஸ் 'நடந்தா இப்படி'ங்கிற நிபந்தனை, எஸ்பேரு ஏவல், பெயர்ச்சொல் எஸ்பேரோ. ஸாமென்ஹோஃப் எழுதின லா எஸ்பேரோங்கிற கவிதைதான் எஸ்பெராண்டோக்காரங்களோட கீதம். அழுத்தம் எப்பவும் கடைசிக்கு முந்தின அசையில விழும், எஸ்-பே-ரஸ்னு 'பே'யை அழுத்திச் சொல்லணும்.

இப்போ மொழியோட பேரைப் பிரிச்சுப் பாருங்க, எஸ்பெர்-ஆண்ட்-ஓ. நடுவுல இருக்கிற 'ஆண்ட்' இப்போ அந்தச் செயலைப் பண்ணிட்டு இருக்கிறதைக் காட்டுது, கடைசி 'ஓ' பெயர்ச்சொல். லத்தீன்ல இதே வேலையைப் பண்ற எச்ச வடிவம் ஸ்பேரான்ஸ், செயப்படுபொருளா வரும்போது ஸ்பேராண்டெம். ஸ்பேராண்டெம், எஸ்பெராண்டோ, பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. வினை மட்டும் இல்ல, ஒட்டும் அதே பரம்பரைதான்.

நம்மாளுங்களுக்கு ஒரு கஷ்டம் இருக்கு, தமிழ்ல 'நம்பு'ங்கிற ஒரே சொல் மூணு வேலை பார்க்குது. ஒருத்தர் சொல்றது உண்மைன்னு நம்புறது எஸ்பெராண்டோல க்ரேடி, லத்தீன் க்ரேடெரே. ஒருத்தர் மேலேயே நம்பிக்கை வெக்கிறது ஃபீடி, லத்தீன் ஃபீடெரே. நல்லது நடக்கும்ங்கிற நம்பிக்கை மட்டும்தான் எஸ்பேரி. மொழிபெயர்க்கும்போது முதல்ல இந்த மூணுல எதுன்னு முடிவு பண்ணுங்க. நீங்க வருவீங்கன்னு நம்புறேன், இதுக்கு மி எஸ்பேரஸ், கே வி வேனோஸ், பின்னாடி வர்ற வினை எதிர்காலத்துல இருக்கணும். லத்தீன்லயும் ஸ்பேரோவுக்குப் பின்னாடி பெரும்பாலும் எதிர்கால வடிவம்தான் வரும், ஆனா அங்க 'கே' மாதிரி இணைப்புச் சொல் கிடையாது, ஸ்பேரோ தே வெண்டூரும் எஸ்ஸேன்னு, 'நீ'ங்கிறது செயப்படுபொருள் வடிவத்துக்கு மாறிடும், வினை எச்சமா நிக்கும்.

டைடோ சொன்ன மாதிரி கெட்டதை எதிர்பார்க்கிறதுக்கு எஸ்பேரியை வெக்காதீங்க, அந்த அர்த்தம் இங்க வந்து சேரல, அதுக்கு அடேண்டி இல்லன்னா பயப்படுறதுங்கிற டீமி. எதிர்ச்சொல் மால்எஸ்பேரி, நம்பிக்கை இழக்கிறது. லத்தீன் தேஸ்பேராரேலருந்து எடுக்காம தன்னோட சொந்த ஒட்டான 'மால்' போட்டே செஞ்சிருக்கார், அந்த மால் பிரெஞ்சுல மோசமானன்னு அர்த்தம் தர்றது, இங்க வெறும் எதிர்ப்பதம்.

ஏமாத்துற ஜோடிகள்

எழுத்து ஒத்துப்போனா சொந்தம்னு முடிவு பண்ணாதீங்க. லத்தீன்ல ஃபாரீன்னு ஒரு வினை இருக்கு, பேசறதுன்னு அர்த்தம். எஸ்பெராண்டோல ஃபாரின்னா செய்யறது. கிட்டத்தட்ட அச்சுல வார்த்த மாதிரி இருக்கும், ஆனா எஸ்பெராண்டோ ஃபாரி வந்தது லத்தீன் ஃபக்கெரேலருந்து, இத்தாலியன்ல அது ஃபாரேன்னு சுருங்கிடுச்சு, அந்த உருவம்தான் இது.

இன்னொரு வகை, சொந்தம் சரி ஆனா வடிவம் வேற. ஜூலியஸ் சீசர் கி.மு. 47ல ஜெலா போருக்கு அப்புறம் சொன்னதா வர்ற வேனி, வீடி, வீக்கி எல்லாருக்கும் தெரியும், வந்தேன், பார்த்தேன், வென்றேன். எஸ்பெராண்டோலயும் வேனி, வீடி இருக்கு, அதே வேர்தான், ஆனா அங்க 'இ'ன்னு முடிஞ்சா வர்றது, பார்க்கிறதுன்னு வெறும் வினைப்பேர். சீசர் சொன்னதை எஸ்பெராண்டோல சொல்லணும்னா மி வேனிஸ், மி வீடிஸ், மி வேங்கிஸ்.

கத்துக்கிட்டதைச் சோதிச்சுப் பார்க்க ஒரு நல்ல வரி தும் ஸ்பீரோ ஸ்பேரோ, மூச்சு இருக்கிற வரை நம்பிக்கை இருக்கு, அமெரிக்காவுல தென் கரோலினா மாநிலத்தோட முழக்கங்கள்ல ஒண்ணு. எஸ்பெராண்டோல தும் மி ஸ்பீரஸ், மி எஸ்பேரஸ். இதுல 'தும்' லத்தீன்லருந்து நேரா வந்தது, பிரெஞ்சுல அது இல்லவே இல்ல. ஸ்பீரஸ் லத்தீன் உருவத்தோட 'எ' இல்லாம. எஸ்பேரஸ் பிரெஞ்சு வழியா 'எ'யோட. ஒரே வரியில வெவ்வேற வழியா வந்த சொற்கள் சேர்ந்து நிக்குது.

இதே முறையில அடுத்து நீங்களே பார்க்க நான் சொல்றது ஸ்ட்ஸீஇ, தெரிஞ்சிருக்கிறதுன்னு அர்த்தம். லத்தீன் ஸ்கீரே. பிரெஞ்சுல சவுவார், ஸ்பானிஷ்ல சபேர், இத்தாலியன்ல சபேரே, இந்த மூணும் சபெரேங்கிற வேற ஒரு லத்தீன் வினையோட வாரிசுகள், ஸ்கீரே அங்கெல்லாம் வழக்கொழிஞ்சு போச்சு, ருமேனியன் மாதிரி ஒரு சில மொழிகள்லதான் இன்னும் புழங்குது, ருமேனியன்ல அது ஷ்டி. அதனால இங்க பிரெஞ்சு வழின்னு சொல்ல வாய்ப்பே இல்ல, ஸாமென்ஹோஃப் நேரா லத்தீனுக்கே போயிருக்கார்.